எண்பத்திநாலு நாள்

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கார்மென்ஸில் மெஷின் தைக்கிறேன். வீடு மல்லாவிக்கு உள்ளே. எங்கள் ஊரில் இருந்து அங்கே போகிற ஆள் நான் ஒருத்திதான்.

பிள்ளைப்பேற்று லீவுக்குச் சம்பளம் உண்டு. எண்பத்திநாலு நாள். ஆனால் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். லீவெடுக்காமல் வந்தால் தருகிற மேலதிகக் காசு இராது, ஓட்டி என்கிற ஓவர்டைம் காசும் இராது. அது தெரிந்தபடியால் ஆறாம் மாதத்தில் இருந்தே செலவைக் குறைத்துப் பழகினோம். மீன் கிழமையில் ஒருநாள். காஸை விட்டு விறகில் சமைத்தேன். மனுசன் வெற்றிலையை விட்டார்.

இரண்டு ஏக்கர் குத்தகை வயலில் காலபோக நெல் விதைத்திருந்தோம். நெல் வெட்டு முடிந்தால் கையில் காசு வரும். அதுவரைக்கும் என் லீவுச் சம்பளத்தில் சீவிக்க வேண்டும். லீவு முடிகிற நேரம் வெட்டும் முடியும் போல இருந்தது. எல்லாம் சரியாக வருகுது என்று இரண்டு பேரும் சந்தோசப்பட்டோம்.

மார்கழி மழைக்குள் வயிற்றுக்குத்து வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்புக் குறைகிறது என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. எடுக்கும்போது உயிர் இல்லை. எனக்குக் காட்டினார்கள். தலை நிறைய மயிர் இருந்தது.

மனுசன் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். காலில் சேறு. என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.  எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் போனை நிற்பாட்டிவிட்டு அலுமாரிக்குள் வைத்தேன். நாலைந்து நாள் பால் கட்டி நெஞ்சு கல்லுப்போல இருந்தது. பிறகு வற்றிப்போனது. வெட்டின காயம் ஆறவில்லை. ஒரு மூலையில் சீழ் வைத்தது. கிளினிக்கில் இரண்டு மாதத்துக்குக் குந்தி இருந்து வேலை செய்யக் கூடாது என்றார்கள்.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் கழியும்வரைக்கும் ஆட்கள் போகமாட்டார்கள். துடக்கு, தீட்டு. அதனால் என்னோடு ஒரே லைனில் தைக்கிற ஒருவரும் வரவில்லை. நானோ, பிள்ளை இல்லாத செய்தி தெரிந்துதான் வராமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முப்பத்தொன்று கழிந்த ஞாயிற்றுக்கிழமை வாசல் படலையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. என்னோடு தைக்கிற நாலு பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் மூத்த அக்காதான் முன்னுக்கு வந்தா. கையில் பெரிய பை.

"எங்கயடி எங்கட மருமகள்? மாமிமார் வந்திருக்கிறம், வந்து கும்பிடச் சொல்லு!"

"தாயைப்போல உம்மணாமூஞ்சியோ, இல்லாட்டி ஒருக்காச் சிரிப்பாளோ?" என்றாள் பின்னால் வந்தவள்.

"உன்ர மெஷினில ஒரு புதுப்பெட்டையை விட்டிருக்கினம். ஒண்டைத் தைச்சால் ரெண்டை அவிழ்க்கிறாள். உன்னை நினைச்சு நினைச்சு அழுகிறம்," என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். அக்கா கூரை வளையை அண்ணாந்து பார்த்தா.

"என்னடி, இன்னும் ஏணைத் தொட்டில் கட்டேல்லையே? பிள்ளை எங்க?"

"இல்லை," என்றேன்.

"உன்ர மாமி வீட்டையோ?"

"பிள்ளை இல்லையக்கா. பிறக்கேக்கையே இல்லை."

கடைசியாக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா கீழே வைக்கப் போன பையைத் திருப்பி நெஞ்சோடு பிடித்தா. அப்போதுதான் மனுசன் குசினி அடுப்படிப் பக்கம் இருந்து வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கார்மென்ஸ் ஆபிஸ் மிஸ் எனக்குப் போன் எடுத்தவா. என்ன பிள்ளை எண்டு கேட்டா. பொம்பிளைப் பிள்ளை எண்டன். நல்ல சந்தோசம், லீவு எல்லாம் போட்டாச்சு எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டா. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கும் அப்போதுதான் தெரியும்.

ஆளுக்கு ஆள் அழுதார்கள். நான் தேத்தண்ணி போட்டேன். போகும்போது அக்கா என்னைத் தனியக் கூப்பிட்டா.

"கேள். ஆபிஸுக்கு ஒண்டும் தெரியாது. நாங்களும் வாய் திறக்க மாட்டம். எண்பத்திநாலையும் எடு. பிறப்புப் பதிவு கேட்கேக்க பார்ப்பம்."

அவா ஏன் சொன்னா என்று எனக்கு விளங்கும். எங்கள் லைனில் முந்தி ஒருத்திக்கு இப்படி நடந்தது. உயிரோடு பிள்ளை என்றால்தான் எண்பத்திநாலு. இல்லாவிட்டால் சரி பாதி. நாற்பத்திரண்டு நாள். அதுக்குப் பிறகு வேலைக்கு வர வேண்டும், ஏலாவிட்டால் சம்பளம் இல்லாமல் நிற்க வேண்டும். வெட்டுக்கு இன்னும் ஐந்தாறு கிழமை கிடந்தது.

லைனில் எல்லாரும் சேர்த்த காசை என்வலப்பில் வைத்துத் தந்தார்கள். வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் வசதி இல்லை. பைக்குள் இருந்த சின்னச் சட்டைகளை மட்டும் அக்கா திருப்பிக் கொண்டுபோனா.

 மூன்றாம் நாள் கறி அடுப்பில் இருக்க மனுசன் அந்தக் கதையைத் தொடங்கினார்.

"பேசாமல் இருப்பம். நான்தானே சொன்னனான். பழி என்னில."

"நாளைக்கு மிஸ் திருப்பியும் போன் எடுப்பா."

"எடுக்கட்டும். இந்தக் காயத்தோட போய் மெஷினில குந்தப் போறியே? சம்பளம் இல்லாமல் நிண்டால் என்னத்தைத் தின்னுறது?"

"பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்குதோ எண்டு கேட்பா. ஊசி போட்டாச்சோ எண்டு கேட்பா. என்ன பேர் வைச்சனீங்கள் எண்டு கேட்பா. என்ன சொல்லுவியள்?"

அவர் எழும்பினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை.

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. அதைச் சொன்னால் ஒவ்வொரு கிழமையும் பிள்ளையை வளர்க்க வேண்டும். அது என்னால் ஏலாது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கார்மென்ஸுக்குப் போனேன். மனுசனும் வந்தார். உள்ளே வரவில்லை. கேற்றடியில் நின்றார். ஆபிஸ் மிஸ் துண்டை இரண்டு தரம் வாசித்தா. மன்னிக்கவேணும் என்றா. பிறகு கொம்பியூட்டரைப் பார்த்தா.

"அப்ப நாற்பத்திரண்டுதான் வரும். அடுத்த கிழமையோட முடியுது. வர ஏலுமே? ஏலாட்டி சம்பளமில்லாமல் நோபேயில நிற்கலாம்."

"வாறன்," என்றேன்.

வெளியே வந்து மனுசனிடம் நாளைச் சொன்னேன். "ம்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்கை ஒன்றுதான் இருந்தது. என்னை இருத்திவிட்டு மல்லாவி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்வலப்புக் காசில் மருந்தும் சாமானும் வாங்கினோம். வெட்டு வரைக்கும் அதுவும் என் சம்பளமும்தான்.

வேலைக்குப் போன முதல்நாள் காயத்துக்கு மேலே துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். லைனில் ஒருவரும் பகிடி விடவில்லை. அது எனக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்து தைத்தேன். நாளுக்குரிய கணக்கில் குறைவாகத்தான் தைக்க முடிந்தது.

பால் கொடுக்கிற தாய்மாரை எங்கள் இடத்தில் ஒரு மணித்தியாலம் முந்தி வீட்டுக்கு விடுவார்கள். பின்னேரம் நாலு மணிக்கு மூன்று பேர் எழும்பினார்கள். என்னைப் பார்க்காமல் எழும்பினார்கள். அந்த மாதம்தான் புதிதாக வந்த சூப்பவைசர், பிள்ளைப்பேற்று லீவு முடிந்து வந்தவர்களின் பேர்த் துண்டைப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தா.

"அக்கா, நீங்களும் போகலாம். பிள்ளை தேடும்."

பக்கத்து மெஷின் நின்றது. அதுக்கடுத்ததும் நின்றது.

"எனக்குப் போகத் தேவையில்லை மிஸ்," என்றேன். "ஓட்டி இருந்தால் என்ர பேரைப் போடுங்கோ."