மாமா பார்த்த மொம்பாசா

எண்பதுகளின் பிற்பாதியில் ஐரோப்பிய நகரமான வின்டர்தூரில் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, நான் போகாத ஓர் ஊரைப் பற்றி வகுப்பில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இலையுதிர்கால விடுமுறை முடிந்ததும் எல்லோரும் போய்வந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இத்தாலி, ஸ்பெயின் என்று கடற்கரைகள் இருந்தன. எங்களுக்கு இருந்தது அவுஸ்வைஸ் என்ற அகதி அடையாள அட்டை. அதை வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்ட முடியாது. ஷாஃப்ஹவுசனில் ரைன் அருவியைப் பார்த்துவிட்டு, ஜெர்மனி இருக்கும் திசையை நோக்கி உட்கார்ந்து சோற்றுப் பொதியை அவிழ்ப்பதோடு எங்கள் உலகப் பயணம் முடிந்துவிடும். எங்கும் போகாதவர்கள் வீட்டில் வேறொருவர் போன இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று ஆசிரியை இரக்கப்பட்டுச் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் மாமா இருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. அந்த வசந்தத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மொம்பாசா வழியாக எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். ஆபிரிக்கக் கரையிலுள்ள அந்தப் பழைய துறைமுகப் பட்டினத்தை அவர் வர்ணிக்கத் தொடங்கினால் அப்பாகூடத் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள், பூவேலை செதுக்கிய கதவுகள், கிண்ணங்களைக் கிலுக்கிக்கொண்டு கோப்பி விற்பவர், மாமாவைக் காசு வாங்காமல் படகில் ஏற்றிக்கொண்டுபோன மீன்காரர். எங்கள் மேசையில் உப்புப் போத்தல் கோட்டையாகும், கரண்டிகள் சந்துகளாகும்.

"எப்பிடி மாமா இவ்வளவும் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு அறையிலை ஒன்பது பேர், மூண்டு கட்டில். முறை வைச்சுத்தான் படுக்கலாம். பகலிலை எனக்கு முறை இல்லை. பிறகென்ன, ஊர் சுத்தினன்."

அவரைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரர் தினமும் "நாளைக்கு விமானம்" என்பாராம். இப்படியே இரண்டரை மாதம். விடுமுறையை நாளுக்கு நாள் நீட்டித்தரும் இவ்வளவு தாராளமான மனிதர் எங்களுக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்கினேன்.

வகுப்பிலும் அப்படியே சொன்னேன். இரண்டரை மாதம் என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மொம்பாசாவுக்குப் பெற்றோருடன் போய்வந்த டாக்டர் மகன் மட்டும் எழுந்து, என் மாமா பொய் சொல்கிறார், உண்மையாகப் போயிருந்தால் கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லட்டும் என்றான். கோட்டையின் எந்தச் சுவரில் எப்போது நிழல் விழும் என்பதுவரை எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. நாளை கேட்டுவந்து சொல் என்றார் ஆசிரியை. மாமா பொய்யரா இல்லையா என்பது அந்த ஒரு பதிலில் தொங்கியது.

ஓட்டல் சமையலறை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மாமாவை வாசலில் மறித்தேன். சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"உள்ளுக்குப் போகேல்லை, பிள்ளை. வாசலிலை காக்கிச்சட்டைக்காரர் நிண்டவை. என்ரை பாஸ்போட் ஏஜென்சிக்காரனிட்டை. கேட்டால் என்னத்தைக் காட்டுறது? ஆனா வெளியிலை நல்ல நிழல்."

மறுநாள் வகுப்பில் அதையே ஒப்புவித்தேன். டாக்டர் மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், வாசலில் காக்கிச்சட்டைக்காரர்கள் நின்றார்கள் என்று ஒத்துக்கொண்டான். மாமாவின் மானம் தப்பியது.

வெற்றியோடு வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடி பாஸ்போட், காக்கிச்சட்டைக்காரர் உட்பட எல்லாவற்றையும் உரத்துச் சொன்னேன். போதும் என்று மாமா அம்மாவின் பக்கம் கண்ணைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை.

"இரண்டரை மாதம் இருந்திட்டு ஒரு கோட்டைக்குள்ளை போகப் பயமோ உங்களுக்கு?"

"அடுத்தமுறை போகேக்கை கட்டாயம் போறன்" என்று மாமா சிரித்தார்.

அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அப்படியே நின்றார். அவ்வளவு தூரம் போயும் கோட்டையைப் பார்க்காமல் வந்துவிட்டாரே என்று அம்மாவுக்கும் கோபம் என்றுதான் நினைத்தேன். துணைக்கு ஆள் கிடைத்த உற்சாகத்தில் மாமாவை இன்னும் கொஞ்ச நேரம் திட்டினேன்.