சாரோம் வீட்டு வௌவால்

"வௌவாலாவது என்னைக்காவது வாடகை குடுக்கும் சம்பந்தியம்மா. நீங்க வந்தா எனக்கு சோறுதான் காலியாவுது."

ஏணிப்படி மேல நின்னுக்கிட்டு இத சொன்னவ என் பக்கத்து வீட்டு சாரோம். கீழ செருப்பத் தேடிக்கிட்டு இருந்தவ அவ மருமகனப் பெத்த ஹியெங். மேகாங் ஆத்துக்கு அக்கரையிலேந்து படகேறி மருமகளப் பாக்க வந்தவ. பாயில உக்காந்து வெத்தலய மடிச்சு வாயில வெச்சா பாரு, கூரையிலேந்து வௌவால் மூத்திரம் சொட்டுச்சு. சரியா அவ தலைத்துண்டுல. புதுத்துண்டு வேற.

ஹியெங் சொன்னதுலயும் தப்பு இல்ல. சாரோமோட மக கொலாப்புக்கு அது எட்டாம் மாசம். பிள்ள பெத்தவள மூங்கில் கட்டில்ல படுக்க வெச்சு அடியில நெருப்பு போடணும், எங்க ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான். "நீ கீழ நெருப்பு போட்டா பொகை எங்க போவும்? கூரைக்குத்தான. மேல இருக்கறதுங்க எங்க விழும்? என் பேரன் மூஞ்சிலதான. அடுத்த தடவ வரப்ப பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன், பின்னாடியே என் பையனும் வருவான்"னுட்டுப் போனா.

எங்க பக்கம் மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வாழ வருவான். வந்தவன் பொண்டாட்டியோட திரும்பிப் போனான்னா ஊரு என்ன பேசும்னு எனக்குத் தெரியும். நானே பேசியிருப்பேன்.

சாரோமுக்கு அது வெறும் வீடு இல்ல. புருஷன் எல்லைப் பக்கம் வேலைக்குப் போறேன்னு போயி அங்க ஒருத்தியோட தங்கிட்டான். இவ தோள்ல தடி போட்டு ரெண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, சேவையும் மீன் கொழம்பும் தெருத்தெருவா வித்தா. வித்த காசுல தூண் வாங்கினா, பலகை வாங்கினா, கடைசியா தகரம் போட்டா. தகரம் சுடுதேன்னு அடியில காஞ்ச பனை ஓலைய அடுக்கினா. அங்கதான் வந்து பூந்துக்கிச்சு கட்டவெரல் பெரிசு வௌவாலுங்க.

மருமகன் ரித் நல்ல பையன், கொஞ்சம் மண்டு. மொளகாயப் போட்டு பொகை மூட்டினான். நாங்க எல்லாரும் இருமினோம். வௌவால் கூரைய விட்டு வெளிய போவல, வீட்டுக்குள்ள எறங்கிருச்சு. ஒண்ணு கொலாப் கொண்டையில சிக்கிக்கிச்சு. சாரோம் பதறாம துணிய போட்டு எடுத்து, சன்னல்ல விட்டுட்டு, "மாப்பிள, நாளைக்கு உங்க மூளையில மொளகா போட்டு பாப்போம்"னா.

ஓட்டைய எல்லாம் அடைச்சிருன்னு நான்தான் சொன்னேன். அவ ஏறி ஓலைய வெலக்கிப் பாத்தா. எறங்கி வந்து என்னை ஒரு மாதிரி பாத்தா.

"அக்கா, உள்ள குட்டிங்க இருக்கு. மயிரு கூட மொளைக்கல. அடைச்சா உள்ளயே செத்து நாறும்."

"அதுக்கு? பாத்துக்கிட்டு இருப்பியா? ஹியெங் படகு வந்துரும்டி."

"எம் பொண்ணு பெத்துக்க எடம் வேணும்னு பெத்ததுங்கள வெரட்டணுமா? அதுங்களுக்கு எம் மேலயா ஆசை, இந்த ஓலை மேலதான. ஓலையே போவட்டும்."

சாயங்காலம் பெரியதுங்க எல்லாம் பூச்சி புடிக்கப் பறந்ததும் கூரைக்கு ஏறினா. குட்டிங்க தொத்திக்கிட்டு இருந்த ஓலைய அப்படியே கத்தை கத்தையா கழட்டி ரித் கையில குடுத்தா. கொல்லையில இருந்த தென்னையில மூங்கில் ஏணியக் கட்டி, கைலிய தொடைக்கு மேல சொருகிக்கிட்டு அவளே ஏறினா. கீழ கூடின ஆம்பளைங்க பல்ல இளிச்சானுங்க. "என்னடா பாக்குறீங்க, உங்க ஆத்தாளுக்கு இல்லாத காலா எனக்கு இருக்கு? கயித்த தூக்கிப் போடுங்க"ன்னா. போட்டானுங்க. குருத்துக்குக் கீழ ஓலைய தலைகீழா சுத்திக் கட்டிட்டு எறங்கி வந்து கூரை ஓட்டைய துணி வெச்சு அடைச்சா.

தாய் வௌவால் எல்லாம் வந்து தகரத்தயே சுத்தி சுத்தி வந்துச்சு. சாரோம் சோத்துல கை வெச்சபடி சாப்பிடாம உக்காந்திருந்தா. அப்பறம் மரத்துல குட்டிங்க கீச்சுகீச்சுன்னுச்சு. ஒண்ணு போச்சு, இன்னொண்ணு போச்சு, மொத்தக் கூட்டமும் போச்சு. அதுக்கப்பறம்தான் தின்னா. ரெண்டு தட்டு தின்னா.

ஹியெங் வந்தப்ப வீடு கழுவி வெச்சிருந்துச்சு. கூரைய அண்ணாந்து பாத்தா, குத்தம் கெடைக்கல, அதனால வெத்தல கேட்டா. பொண்ணு அங்கயே பொட்டப் புள்ள பெத்துச்சு, அங்கயே நெருப்புக் கட்டில்ல படுத்துச்சு. பொகை போச்சு மேல. ஒண்ணும் விழல.

தென்னைக்கு அடியில சாரோம் கண்ணு நெருக்கமான ஒரு பழைய மீன்வலைய விரிச்சா. வௌவால் புழுக்கை அதுல கொட்டிக்கிட்டே இருந்துச்சு. மொளகாத் தோட்டக்காரங்களுக்கு அத விட நல்ல எரு கெடையாது, வீட்டுக்கே வந்து மூட்டையாத் தூக்கினாங்க. ஊர்ல இப்ப எட்டு வீட்டுத் தென்னையில ஓலை தொங்குது. எங்க வீட்டுலயும்தான். ஏறிக் கட்டினவ அவதான், கூலின்னு ஒரு கொட்டைப் பாக்கு வாங்கல.

மொத மூட்டை வித்த அன்னைக்கு சந்தைக்குப் போயி பேத்திக்கு ரோஸ் கலர்ல கொசுவலை வாங்கியாந்தா. ஹியெங் அத இழுத்து இழுத்துப் பாத்துட்டு வெல கேட்டா.

"முப்பதாயிரம் ரியெல் சம்பந்தியம்மா. வாடகைப் பணம்."

ஹியெங் படகு போனப்பறம் நான் சாரோமப் புடிச்சு நெச வெலையச் சொல்லுடின்னேன். பதினெட்டாயிரம் ரியெல்.