காற்றுக்கு வழிவிடாத கேட்

ஆனி மாதம், ஒரு புதன்கிழமை காலை. ஆழ்வார்திருநகரியில் என் பட்டறையில் இழைப்புளியும் கையுமாக நின்றபோது ஜெபமணி டீச்சர் போன் செய்தார். பாளையங்கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராதாபுரம் பக்கம் அவருக்கு ஒரு தோட்டம் உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தத் தோட்டத்து இரும்புக் கேட்டுக்கு மரப்பலகை அடித்துக் கொடுத்தவன் நான்.

"தம்பி, நீங்க பலகை அடிச்ச கேட்டு பிஞ்சு விழுந்துட்டு. இசக்கிக்குக் கையில அடி. தொறந்து கெடந்த வழியா நாய் வந்து நாலு ஆட்டுக்குட்டியக் கொதறிப் போட்டுட்டு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "என் பலகை பிய்யாது டீச்சர்!" என்றேன்.

"பலகை நல்லாத்தான் தம்பி இருக்கு. கேட்டுதான் பிஞ்சுட்டு."

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆட்ட எல்லாம் குடுத்துரப் போறேன். சனிக்கிழம வியாபாரி வாரான். இனிமே என்னால பாக்க முடியாது."

அந்த ஆடுகள் டீச்சருடையவை மட்டுமல்ல. இசக்கிதான் அவற்றை வாரத்துக்கு வளர்த்தாள். தாய் ஆடு டீச்சருக்கு; மேய்ப்பதும் காப்பதும் இசக்கி; பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. செத்த நாலில் இரண்டு அவள் பங்கு. தாய் ஆடுகள் வண்டி ஏறிவிட்டால் அடுத்த வருஷம் அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் பிழைப்பே அந்தக் கேட்டில்தான் இருந்தது.

பங்குனியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பைப் சட்டத்தில் அரை அடிக்கு ஒரு கம்பி வைத்த ரெட்டைக் கேட், ஐந்தடி உயரம். கம்பிக்கு நடுவே நாய் நுழைகிறது, கீழே மட்டும் பலகை அடித்தால் போதும் என்றுதான் டீச்சர் கேட்டார். நான்தான் விடவில்லை. "முழுசா அடிச்சாத்தான் டீச்சர் அம்சமா இருக்கும்" என்று சாதித்தேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. நல்ல வேப்பம் பலகை. ஸ்க்ரூ முடுக்கினால் கேட் ஆட ஆடக் கழன்றுவிடும் என்பதால், பைப்பையும் பலகையையும் ஒன்றாகத் துளைத்து போல்ட் போட்டு, வாஷர் வைத்து, லாக் நட்டால் இறுக்கினேன். வெயிலில் சுருங்கி மழையில் ஊதுவது மரம். அதனால் மரத்துத் துளையை மட்டும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பெரிதாக வைத்தேன். பலகைக்கும் பலகைக்கும் இடையில் அதே ஒரு நூல்தான் சந்து. வெளியே நின்று பார்த்தால் பங்களா கேட் மாதிரி இருந்தது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த இசக்கி நின்று பார்த்தாள். "அண்ணாச்சி, காத்து போவ வழி வேண்டாமா?"

"ஏன், கேட்டுக்கு மூச்சு முட்டிருமா இசக்கி?" என்றேன். டீச்சரும் சிரித்தார். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நின்றன. அன்று ஒன்றுகூடச் சுற்றவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. நான் ஆற்றங்கரைக்காரன். எங்கள் ஊரில் காற்று வாழையைச் சாய்க்கும். இரும்பைச் சாய்க்கும் என்று நான் கண்டேனா?

புதன் மத்தியானமே லோடு ஆட்டோவில் சாமான்களைப் போட்டுக்கொண்டு போனேன். இறங்கியதும் தோளில் கிடந்த துண்டு பறந்து முள்ளில் மாட்டிக்கொண்டது. காற்றாலை எல்லாம் வெறிகொண்டு சுற்றின. கேட்டின் ஒரு பக்கம் தரையில் கிடந்தது. கீலோடு சேர்ந்து தூணில் இருந்த தகடே கிழிந்து வந்திருந்தது. கேட் செய்த வெல்டர்மேல் பழி போடலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்தவன் நான். வெல்டு அப்படியே இருக்க, காற்று என் பலகையைப் பாய்மரம்போலத் தள்ளி இரும்பையே கிழித்திருந்ததைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

இசக்கி மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். "கொண்டிய எடுத்தேன் அண்ணாச்சி, அவ்வளவுதான். கையில இருந்து புடுங்கிட்டுப் போயிட்டு."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "வலிக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"வலி கெடக்கட்டும். சனிக்கிழமைக்குள்ள கேட்டு நிக்குமா? அதச் சொல்லுங்க."

"நிக்கும். எப்படி அடிக்கணும்னு நீ சொல்லு."

அவள் கேட்டருகே போய் இடுப்பளவில் கையை வைத்தாள். "நாய் தல இதுக்கு மேல எட்டாது. இங்கன வரைக்கும் போதும். பலகைக்கு நடுவுல ரெண்டு வெரல் விடுங்க, மூக்கு மட்டுந்தான் நொழையும். தொறந்தா மாட்டி வைக்க ஒரு கொக்கி வேணும்."

வியாழன் அன்று வெல்டரைக் கூட்டிவந்து கனமான தகடும் புதுக் கீலும் வைத்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க நட்டு கழற்றுவதும் போடுவதும்தான். விழாமல் நிற்கிற பக்கத்துப் பலகையையும் விடவில்லை. கண்ணில் மண் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்காரவில்லை. நான் கெடுத்ததை நானே சரிசெய்யாமல் ஊர் திரும்புவதில்லை என்று ஒரு வீம்பு. சாயங்காலம் இரண்டு நாய்கள் வந்தன. சந்தில் மூக்கை நுழைத்துப் பார்த்தன, முட்டிப் பார்த்தன, போய்விட்டன.

சனிக்கிழமை காற்று இன்னும் மூர்க்கம். டீச்சர் வந்தார். பின்னாலேயே வியாபாரியின் வண்டியும் வந்து நின்றது. டீச்சர் கேட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்சமா இல்லயே தம்பி?"

"இல்ல டீச்சர்" என்றேன்.

"இசக்கி, நீ தொற."

அவள் இடது கையால் கொண்டியை எடுத்தாள். காற்று சந்துகளில் விசிலடித்துக்கொண்டு போனது. கேட் கொஞ்சம் இழுத்தது, அவள் பிடி விடவில்லை. பைய நடத்திக்கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினாள்.

"ஏத்தலாமா டீச்சர்?" என்றார் வியாபாரி.

டீச்சர் கொக்கியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "வண்டியத் திருப்புங்க அண்ணாச்சி. ஆடு இங்கனயே நிக்கட்டும்" என்றார்.

வண்டி போனதும் இசக்கி கேட்டை மூடிவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுதாள். "தப்பு என்னுதுதான் இசக்கி" என்று அப்போதுதான் சொன்னேன்.

"அது தெரிஞ்சதுதான அண்ணாச்சி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மிச்சப் பலகைய என்ன செய்ய?"

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். போல்ட், வாஷர், நூல் கணக்கெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன், அந்தக் கேட்டைத் தினமும் திறந்து மூடுகிறவர் யார் என்று விசாரியுங்கள். அவர் ஒரு கேள்வி கேட்டால் சிரிக்காமல் நின்று கேளுங்கள். எனக்கு அந்தப் புத்தி வர நாலு குட்டியும் ஒரு மணிக்கட்டும் ஆயிற்று.

மிச்சப் பலகையில் அன்றைக்கே, தப்பிய குட்டிகளுக்கு ஒரு கூண்டு அடித்தேன். ஒவ்வொரு பலகைக்கும், "இங்கன எவ்வளவு சந்து விடணும் இசக்கி?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அடித்தேன். நாலாவது பலகையில் அவள் பொறுமை போய்விட்டது.

"அண்ணாச்சி, குட்டிக்குக் காத்து ஆவாது. இத நல்லா நெருக்கி அடிங்க!"