யாரும் பாடாத கடைசிப் பாட்டு

மகள் செல்போனில் புதிதாக வந்த ரெகே என்ற ஜமைக்கா இசைத் தொகுப்பு ஒன்றைப் போட்டாள். ஒரே தாளம், ஆனால் பாட்டுக்குப் பாட்டு வேறு ஆள் பாடுகிறார். அந்தத் தாளத்தைக் கேட்டதும், பாகூரில் எங்கள் வாசலில் அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளின் சூடான தூசி வாசம் நினைவுக்கு வந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் மைக் செட் வைத்திருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரர் கொடுத்த கேசட் ஒன்றில் இதே மாதிரி இசை இருந்தது. திருவிழாவுக்குக் கிளம்பும் முன், பெட்டிகளைச் சோதிக்க அதைத்தான் போடுவார்கள். கடைசிப் பாட்டில் யாரும் பாட மாட்டார்கள், வெறும் இசைதான். அது வந்ததும் சித்தப்பா மைக்கை எடுத்துவிடுவார்.

“அலோ, மைக் டெஸ்டிங். அண்ணி, டீ இன்னும் வர்ல.”

அம்மா முறைப்பாள். தெருவே சிரிக்கும்.

கரிக்கலாம்பாக்கம் திருவிழாவில் மழை ஈரத்தோடு ஒயரைத் தொட்ட சித்தப்பாவை, மறுநாள் அதே வாசலில் கிடத்தினார்கள். சாவுக்கு மைக் செட் கட்ட வேறு ஆளைக் கூப்பிட அப்பா விடவில்லை. தானே கட்டினார். அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டு, மைக்கைத் தம்பியின் வாயருகே பிடித்து, “பேசுடா” என்றார். அந்த இசையின் மேல் அப்பாவின் குரல் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

செல்போனில் பாடியவர்கள் எல்லாரும் ஓய்ந்து, வெறும் இசை வந்தது.

“யாருமே பாடலியேம்மா, மாத்திடட்டா?”

“வுடுடி, ஓடட்டும்” என்றேன்.

சுவரோரம் படுத்திருந்த என் அம்மா மெல்ல எழுந்து, டீ போட அடுப்படிக்குப் போனாள்.