ஐந்து வாட் பெட்டி, ஐந்து குதிரை மோட்டார்

மைக் செட் கடைக்காரரைக் கட்டிக்கொண்டவள் சமையலுக்கு நடுவே ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் “அவர் மீட்டிங்குக்குப் போயிருக்கார்” என்று சொல்லியே கிழவியாக வேண்டும். நான் ஈயத்தைத் தேர்ந்தெடுத்தேன். கான்வென்டில் சிஸ்டர்கள் பௌதிகம் சொல்லித் தந்தது இதற்காக இல்லை, ஆனாலும் வீண்போகவில்லை. கழக ஆட்சி வந்த புதிது அது. கழகம் கூப்பிட்டாலும் சரி, விவசாயச் சங்கம் கூப்பிட்டாலும் சரி, என் வீட்டுக்காரர் குழாய் ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ரிப்பேர் என் தலையில். இதே கதியில் இருக்கும் சகோதரிகளுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

பேச்சுக்குச் செய்த பெட்டி

சேவியர் எங்கள் ஊர் மாணிக்கத்தின் மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசிப்பவன். ஒருநாள் தன் வால்வு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். பழைய ரேடியோவைப் பிரித்து என் வீட்டுக்காரர் கட்டிக்கொடுத்தது. ஐந்து வாட்தான் தரும். கித்தாரை மாட்டித் தட்டினால் எண்ணெய் டின்னைத் தட்டியது போலக் கேட்டது. மிராசுதார் வீட்டுக் கல்யாணக் கச்சேரியிலும் இதே சத்தம் வந்தால் கித்தாரை எடுத்துவிட்டு அக்கார்டியன் ஆளைப் போடுவதாக மாணிக்கம் சொல்லிவிட்டாராம். குழுவுக்குச் சிவப்புக் கோட்டுத் துணி எடுத்தாயிற்று. எல்லோரிடமும் அளவு வாங்கியாயிற்று, இவனிடம் மட்டும் வாங்கவில்லை. வீட்டில் ஒரு கைக்குழந்தை வேறு.

மூடியைக் கழற்றினேன். கூட்டத்தில் பேசுகிற பேச்சு கடைசி வரிசைக்குத் தெளிவாகப் போக வேண்டும் என்று கனமான ஓசையையெல்லாம் வடிகட்டி வைத்திருந்தார் மனுஷர். கித்தாருக்கு அதுதானே உயிர் என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “பேசினா ஒவ்வொரு எழுத்தும் புரியும். இதுக்கு மேல என்ன வேணுமாம் அவனுக்கு?”

சாயங்கால இனிப்பு

இடது கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் வேலை செய்தேன். வால்வு பெட்டியில் இரண்டு கையையும் விட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். கனத்தை வடிகட்டிக்கொண்டிருந்த இரண்டு கன்டென்சர்களைக் காலையிலேயே மாற்றினேன். கனம் வந்தது, ஆனால் ஓங்கித் தட்டினால் இன்னும் காதைக் கீறியது. எரிச்சலில் மூடிப் போட்டுவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.

சாயங்காலம் சேவியர் வந்து வாசித்தான். அதே பெட்டிதான். ஆனால் ஒவ்வொரு சுரமும் விளிம்பில் லேசாகக் கரகரத்து, வெல்லப்பாகு போல இழுத்துக்கொண்டு நின்றது. நான் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தது போலத் தலையை ஆட்டினேன். சேவியர் பெட்டியைக் கட்டிப்பிடிக்காத குறை. “அக்கா, இன்னைக்கும் அந்த டின் சத்தமே வந்திருந்தா இதை அண்ணன் தலையிலயே போட்டு உடைச்சிருப்பேன்” என்றான்.

ஊருக்கு வெளிச்சம்

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவன் திரும்பி வந்தான், முகம் செத்துப்போய். பெட்டி மறுபடி காதைக் கீறுகிறதாம், அதுவும் சாயங்கால வேளையிலேயே. நான் திறந்து பார்த்தேன்; ஒன்றும் கழன்றிருக்கவில்லை.

அப்போது கூட்டத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் சொல்ல வந்தார் சங்கத்துக் கலியபெருமாள். குறுவைக்கு இன்னும் ஆற்றில் தண்ணீர் விடாத நேரம். நாற்றங்காலெல்லாம் பம்புசெட் தயவில்தான் நின்றது. கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தார் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மோட்டாரைப் போட ஆளில்லை. வழக்கமாகப் பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டு பல்பு முட்டைக்கரு நிறத்தில் அழுதுகொண்டிருக்கும். அன்றைக்குக் கண்ணைக் கூசியது. கலியபெருமாள் அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்: “பாத்தீங்களாம்மா, நாங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா ஊருக்கே வெளிச்சம்.”

அவர் போனதும் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்கும் வயலுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மிராசுதார் பண்ணையின் ஐந்து குதிரைசக்தி மோட்டார்களெல்லாம் சேர்ந்து இழுக்கும்போது கரண்டு சோர்ந்துவிடும். வால்வும் சோர்ந்துபோய் மென்மையாகக் கரகரக்கும். நான் பெருமைப்பட்டுக்கொண்ட இனிப்பில் பாதி மோட்டார்களுடையது.

குறைக்கிற சுவிட்ச்

வால்வின் இழைக்குப் போகும் கம்பியைத் தொடவில்லை. மேலே போகும் பெரிய வோல்டேஜின் வழியில் மட்டும் அதைக் குறைக்கச் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். அதைச் சேர்க்கவும் விலக்கவும் ஒரு சுவிட்ச். விலக்கும் பக்கம் ‘மோட்டார் உண்டு’, சேர்க்கும் பக்கம் ‘மோட்டார் இல்லை’ என்று நகப்பூச்சால் எழுதினேன். என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவர் தொழிலில் எல்லோரும் சத்தத்தைக் கூட்டத்தான் வருவார்கள். “பெட்டிக்குச் சோத்தைக் குறைச்சுப் பாட வைக்கிறவ நீ ஒருத்திதான். இனிமே என்னையும் அப்படித்தான் வைப்பியா?” என்று கேட்டார்.

கல்யாணப் பந்தல்

நான் சமையல்கட்டுப் பக்கம் உட்காராமல் மேடைக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். பல்பெல்லாம் பளபளவென்று எரிந்தது, சுவிட்ச் ‘மோட்டார் இல்லை’யில் இருந்தது, கித்தார் தேனாக வந்தது. தாலூகா ஆபீசில் கூலிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட மிராசுதார் தம்பியை அனுப்பிவிட்டுப் பந்தலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

நான்காவது பாட்டின் நடுவில் பந்தல் பல்புகளெல்லாம் ஒரே சமயத்தில் மங்கின. கித்தார் ஈனமாக முனகியது. மாணிக்கம் திரும்பி முறைத்தார். சேவியர் பதறாமல் குனிந்து சுவிட்சை ‘மோட்டார் உண்டு’ பக்கம் தள்ளினான். அடுத்த அடியிலேயே கித்தார் எழுந்துகொண்டது. மிராசுதார் பல்பைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “தம்பி கையெழுத்துப் போட்டுட்டான். எவ்வளவுக்குன்னுதான் தெரியல” என்றார் பக்கத்திலிருந்த சம்பந்தியிடம்.

பந்தியில் மாணிக்கம் சேவியருக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். பாயசம் வரை நிதானமாகச் சாப்பிட்டார். அப்புறம் இலையை மூடிக்கொண்டே சொன்னார்: “நாளைக்குக் காலையில டெய்லர் கடைக்குப் போய்க் கோட்டுக்கு அளவு குடுத்துடு.”

ஆகவே சகோதரிகளே, தஞ்சாவூர் ஜில்லாவில் கித்தார் பெட்டியின் நாதத்தைத் திருத்தப் புறப்படுகிறவள், ஈயத்தைச் சூடுபண்ணுவதற்கு முன் நடவுக் கூலி பேசி முடிந்ததா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.