இசைவாணி ஏறிட்டாளா?

முதலில் தூக்குவாளியை உள்ளே வைப்பார். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் சீட், சன்னலோரம். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இசைவாணி வேனில் ஏறுவார். அதுவரை வேப்பமரத்தடியில் நிற்கும் இருபத்தாறு பெண்களில் ஒருவர்கூட அசைய மாட்டார். அவர் உட்கார்ந்ததும் ஒரே நெரிசல், ஒரே சத்தம். பின்னால் ஓடி வருகிறவர்கள் தூரத்திலிருந்தே கேட்பார்கள்: "இசைவாணி ஏறிட்டாளா?"

2006 சித்திரையில், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வருகைப்பதிவு எழுதும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைப் பார்த்தேன். பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் பட்டம். கறுப்பு அங்கி போட்ட என் படத்தை அம்மா அரிசிப் பானைக்கு மேலே மாட்டியிருந்தார். அந்த மிதப்பில் முந்தின ஊரிலேயே வேனில் ஏறி, காலியாகக் கிடந்த முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆவுடைத்தாய் என்கிற வயதான அம்மாள் சன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளில் தட்டினார்.

"தம்பி, அங்கன உக்காராதீக. அவ உக்காந்தாத்தான் வண்டி நகரும்."

"யாரு, சூப்பர்வைசரா?"

மரத்தடியே சிரித்தது. "சூப்பர்வைசர் சொன்னா யாரு கேக்கா? இவ அதுக்கும் மேல. எந்திரிங்க ராசா."

எழுந்து பின்னால் போனேன். ஏறி வந்தது இருபத்தாறு வயதுப் பெண். ஒல்லி உடம்பு. நகக்கண்ணில் அலுமினியத் தூள். யாரையும் பார்க்கவில்லை. முகத்தில் எதுவும் இல்லை. மடியில் இருந்த தூக்குவாளியின் மூடியைக் கட்டைவிரல் மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது, ஆபீஸ் வாசல் வரும்வரை.

இசைவாணிக்கு நடக்கப்போவது தெரியும் என்பது ஊரின் கணக்கு. ஒன்பது வயதில் ஒரு காலையில் கந்தக வாசம் வருகிறதென்று அழுது, அம்மா முருகம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மா போகவில்லை. அம்மாவின் தங்கை சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். மதியம் அவர் வேலை பார்த்த அறை வெடித்தது; அவர் திரும்பவில்லை. தங்கையின் புருஷன் வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுலயும் வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா தாயி?" என்று கேட்டாராம். ஒன்பது வயதுப் பிள்ளையிடம்.

சாப்பாட்டு வேளையில், சரம் பின்னுகிற அறைகளுக்குத் தள்ளி இருக்கும் புங்கை மரத்தடியில் அமர்ந்து இசைவாணிதான் இதைச் சொன்னார். யாரிடமும் இவ்வளவு பேசமாட்டாராம். நான் படித்தவன், குறி கேட்கமாட்டேன் என்பதால் சொன்னதாகவும் சொன்னார்.

"அதுக்கு முன்னாடியும் தெரியுந்தான் தம்பி. எங்கய்யா குடிச்சிட்டு வந்தா, தெரு முக்குத் திரும்புறப்பவே தெரியும். இன்னைக்கு அடியா, அளுகையா, சோத்துப்பானைய ஒடைக்கிறதான்னு செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சிரும். தம்பிய இழுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டத்துக்கு ஓடிருவேன். அது என்ன சக்தியா? அடி வாங்குற எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்."

"கந்தக வாசம்?"

"அது வந்துச்சு." நகக்கண்ணில் இருந்த தூளைச் சுரண்டினார். "பட்டாசு ஊருல கந்தக வாசம் வராத நாளு எது?"

அந்த விபத்துக்குப் பிறகு அய்யா கருப்பணன் லோடு ஏற்றப் போவதை நிறுத்திவிட்டார். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மகளுக்கு மஞ்சள் துணி சுற்றி, திருநீற்றுத் தட்டோடு உட்கார வைத்தார். ஆனைக்குட்டம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தட்டில் விழுந்தது அன்றைக்கே சாராயத்துக்குப் போனது. ஒன்றும் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் கூட்டம் போன பிறகு இடுப்பு வார் கழன்றது. அதனால் வராததையும் சொல்லக் கற்றுக்கொண்டார். காணாமல்போன ஆடு வடக்கே நிற்கிறது என்பார். நிற்கும். நிற்காத ஆட்டைப் பற்றி யாரும் திரும்பி வந்து பேசியதில்லை.

"எது தானா வந்துச்சு, எது வாருக்குப் பயந்து வந்துச்சுன்னு எனக்கே பிரியாமப் போச்சு. பெறகு ஒண்ணுமே வரல. பதிமூணு, பதினாலு வயசோட சரி. சுத்தமா நின்னு போச்சு."

அய்யா ஈரல் கெட்டு இறந்தார். தம்பி திருப்பூருக்குப் போய்விட்டான். அம்மா கூட இருக்கிறார். ஆனால் பதினேழு வருடமாக மகளை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. பார்த்தால் மகள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயம். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி, "சாப்பிடு" என்பாராம். பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள். "ரெண்டு வீட்டுக்காரவுகளும் ஒண்ணேதான் கேட்டாக. மாப்பிள்ளைக்கு ஆயுசு எம்புட்டுன்னு. நான் நூறுன்னு சொல்லியிருக்கணும். தெரியலன்னு சொல்லிட்டேன். பலகாரத்தக்கூடத் தொடாம ஓடிட்டாக." இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

அவருக்கு வேன் நிறுத்தத்தில் தும்மக்கூட முடியாது. "தும்மல் வந்தா மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஓடைப்பக்கம் ஓடுவேன். இங்கன தும்முனா ரெண்டு பேரு வீட்டுக்குத் திரும்பிருவாக." தலைவலி என்றால் வெளியே தெரியக்கூடாது. நெற்றியில் தைலம் தடவக்கூடாது. காய்ச்சலோடு மூன்று நாள் வந்து சரம் பின்னியதை என் பதிவேடே சொல்லும். ஆறு வருடத்தில் ஒரு நாள் விடுப்புக் கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. "ஒண்ணும் தெரியலன்னு சொல்லித் தொலைங்கக்கா" என்றேன்.

"சொன்னேனே. தெரிஞ்சுக்கிட்டு மறைக்கான்னு சொல்லி மூணு நாளு ஒருத்தியும் வேலைக்குப் போகல. எத்தன வீட்டுல அடுப்பு எரியலன்னு தெரியுமா? நாலாம் நாளு நானே தூக்குவாளிய எடுத்துக்கிட்டு முன்னாடி வந்து நின்னேன்."

அவர் கேட்டது ஒன்றுதான். "ஒரு நா படுத்துக் கிடக்கணும் தம்பி. எந்திரிக்காம." ஞாயிற்றுக்கிழமை படுக்கலாமே என்றேன். அன்றுதான் வீட்டு வாசலில் கூட்டமாம். ஊரே வேலைக்குப் போய்விட்ட ஒரு நாளில், தெருவில் ஆள் இல்லாதபோது தூங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இதுகூடச் செய்ய முடியாவிட்டால் படித்து என்ன பயன் என்று தோன்றியது. ஆவணியில், தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் முன்பு, மேனேஜர் மணிகண்டராஜிடம் பேசி அவருக்கு ஒரு நாள் விடுப்பு வாங்கினேன். "வேன் காலியா வந்துச்சுன்னா, ஒனக்கும் சேத்து லீவுதான்" என்றார் அவர். அன்று காலை வேனிலிருந்து இறங்கி, மரத்தடியில் நின்ற பெண்களிடம் பள்ளிக்கூட வாத்தியார் குரலில் சொன்னேன்: "இசைவாணியக்கா இன்னைக்கு வரமாட்டாங்க. கம்பெனி ஆர்டர். லீவு குடுத்திருக்கு."

யாரும் அசையவில்லை.

"ஆர்டரா?" என்றார் ஆவுடைத்தாய். "அப்பம் அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. கம்பெனிக்கும் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல."

"அய்யோ, அப்படி இல்லம்மா. அவங்களுக்கு ஒடம்புக்கு முடியல."

"முடியலயா?" பின்னாலிருந்து ஒரு குரல். "காச்சல்லயே வந்தவளுக்கு இன்னைக்கு மட்டும் என்ன முடியல?"

இரண்டு பேர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். ஓட்டுநர் செல்லச்சாமி என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள பேசினா இப்படித்தாம்லே ஆகும்" என்று எஞ்சினை அணைத்தார். என்ன சொன்னாலும் அது இன்னொரு சகுனமாகிக்கொண்டிருந்தது.

ஆவுடைத்தாய்தான் வழி கண்டுபிடித்தார். நேராக இசைவாணியின் வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் தூக்குவாளியோடு வந்தார். "பளக்கத்துல பொங்கித்தான் வச்சிருந்தா. வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். அதை முன் சீட்டில், சன்னலோரமாக வைத்தார். ஒரு நிமிடம் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு நெரிசல், சத்தம். வேன் நிறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழி முழுவதும் அந்தத் தூக்குவாளி குலுங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு வேன் ஊருக்குள் திரும்பியபோது இசைவாணி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்திருந்தது. கண் சிவந்திருந்தது. தூங்கிய கண் இல்லை அது. மத்தியானத்திலிருந்தே நிற்கிறாள் என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். உதடு அசைந்தது. இருபத்தாறாவது ஆளும் இறங்கிய பிறகுதான் தூக்குவாளியை வாங்கினார். மூடியைத் திறந்தார். புளித்துப்போன சோறு. அங்கேயே நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பாடுதான் வேலைக்குப் போயிருந்ததே.

"தூங்கலையாக்கா?"

"எப்படித் தூங்க?" மெல்லத்தான் சொன்னார். "கூட உக்காந்து போனா, என்ன வந்தாலும் நானும் அங்கனதான் இருப்பேன். அந்த ஒரு நெனப்புலதான் தம்பி இம்புட்டு நாளும் ஏறுனேன். நான் பாயில படுத்துக்கிட்டு அவுகள அனுப்புறதா? சோத்துச் சட்டிய நம்பி?" கையை உதறினார். "இனிமே எனக்கு லீவு கீவு கேட்டுராதீக."

நான் கேட்கவில்லை. மறுநாள் காலை அந்தத் தூக்குவாளி அவர் கையில்தான் வந்தது.

இரண்டு வருடமாகிறது. எனக்கு விருதுநகரில் வேலை கிடைத்துவிட்டது. இசைவாணி அதே ஆபீஸில் சரம் பின்னுகிறார். வேன் அதே நேரத்துக்கு வருகிறது. இன்னும் விடுப்பு எடுத்ததில்லை. போன மாதம் ஊருக்குப் போகும் வழியில், ரயில்வே கேட்டில் அந்த வேன் நின்றிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு முன் சன்னலுக்குப் போனேன். இசைவாணி சன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். கூப்பிட வாயெடுத்தேன். பின் சீட்டிலிருந்து ஆவுடைத்தாய் விரலை உதட்டில் வைத்தார்.

"தூங்குறா தம்பி. எளுப்பிராதீக" என்றார் ரகசியமாக, நிம்மதியாக. "அவளே தூங்குறான்னா, இன்னைக்கு ஒண்ணும் வராது."

வேனுக்குள் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட் திறந்தது. இசைவாணியின் கண் திறக்கவில்லை. மடியில் இருந்த தூக்குவாளியின் மூடியைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது.