தேக்காவில் என் வயதுக்காக நடந்த அடிதடி

எனக்கு வயது ஐம்பத்தொன்று. விரலில் குத்தி ரத்தம் அனுப்பினால், மெத்திலேஷன் எனும், டிஎன்ஏவில் வயதோடு மாறும் குறிகளைப் பார்த்து உடலின் வயதைச் சொல்லும் கிட் ஒன்றை நானும் என் மனைவியின் அண்ணனும் ஆளுக்கொன்று வாங்கினோம். என்னைவிட மூத்தவர், ஓயாமல் சிகரெட் ஊதுபவர் மச்சான்; அவருக்கு நாற்பத்தாறு வந்தது. எனக்கு அறுபத்து மூன்று. இரண்டு நாள் சாவு பயத்தில் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில், ஆட்டுக்கறிக் கடை முன் மச்சான் உரக்கச் சொன்னார்: “பாய், தாத்தாவுக்கு எலும்பில்லாமப் போடுங்க லா. பல்லு தாங்காது!”

கையிலிருந்த தேங்காயை அவர் முகத்தில் எறிந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவர் என் கழுத்தைப் பிடித்துத் தள்ள, வெட்டுக்கட்டை மேல் விழுந்தேன். பாய் ஓங்கி இறக்கிய கத்தி என் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கட்டையில் பாய்ந்தது.

“யோவ், கையையும் சேத்து எடை போடவா?” என்று கத்தினார் பாய்.

மச்சான் மூக்குக்குத் தையல் போட்ட டாக்டரம்மாவிடம் என் அறுபத்து மூன்றைப் புலம்பினேன். “வேற கிட்ல வேற வயசு வரும், அங்கிள். கடைசியா பிரஷர் எப்போ பாத்தீங்க?” எனக்கு நினைவே இல்லை.

இப்போது தவறாமல் பிரஷர் பார்க்கிறேன். மச்சானோடு சந்தைக்கும் போகிறேன். பைகளை மட்டும் அவரே தூக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். கிட் கணக்குப்படி எங்கள் இருவரில் இளையவர் அவர்தானே!